நேற்று வரைக்கும் நல்லா ஓடிய சுவிட்ச்

பல்லடம் பக்கம் ஒரு நூற்பாலை. மாதாந்திரப் பராமரிப்புக்காக அன்றைக்கு மின்சாரத்தை நிறுத்தியிருந்தார்கள். அது புதிதல்ல. வழக்கமாக இபி போனதும் ஜெனரேட்டர் எடுக்கும். அந்த இடைவெளியை நெட்வொர்க் ரேக்கில் இருக்கும் யூபிஎஸ் தாங்கிக்கொள்ளும். அதனால் அந்த ரேக்கில் இருந்த பெட்டிகள் எதுவும் வருடக்கணக்கில் அணைந்ததே இல்லை. இந்த முறை யூபிஎஸ் பேட்டரி கையை விரித்துவிட்டது. ஜெனரேட்டர் எடுத்ததும் மற்ற எல்லாம் உயிர் பெற்றன. கம்ப்யூட்டர்களையும் கேமராக்களையும் கேபிளால் இணைக்கும் நெட்வொர்க் பெட்டியான 24 போர்ட் மேனேஜ்டு சுவிட்ச் மட்டும் எழவில்லை. பழுது பார்க்க என்னைக் கூப்பிட்டார்கள்.

"நேத்து வரைக்கும் நல்லாத்தானுங்ணா ஓடிட்டு இருந்துச்சு" என்றார் ஆலை எலக்ட்ரீஷியன். எல்லா வாடிக்கையாளரும் சொல்வதுதான். ஆனால் இங்கே அது அப்படியே உண்மை, கோளாறைப் பற்றிய முதல் துப்பும் அதுதான். ஓடிக்கொண்டிருக்கும்போது வெளியே தெரியாமல், அணைத்துப் போட்டால் மட்டும் வெளிப்படுகிற கோளாறுகள் ஒரு தனி ரகம். அவற்றில் மூன்று இந்த ஒரே பெட்டிக்குள் இருந்தன. செல்ஃப் போன பைக்கைத் தள்ளி ஸ்டார்ட் செய்துவிட்டால் ஊரெல்லாம் சுற்றலாம், பெட்ரோல் பங்கில் ஆஃப் செய்யும்போதுதானே விஷயம் தெரியும்?

பிராண்டு பெயர் வேண்டாம். பத்து வருடத்துக்கு மேல் பஞ்சுத் தூசிக்குள் இருந்த பெட்டி. யார் செய்ததாக இருந்தாலும் இந்த வயதில் இப்படித்தான் ஆகும்.

பவர் கார்டை மாற்றிப் பார்த்தேன், வேறு சாக்கெட்டில் போட்டுப் பார்த்தேன். எல்இடி எதுவும் எரியவில்லை. ஆனால் காதைப் பக்கத்தில் வைத்தால், நொடிக்கு ஒரு தடவை போல, உள்ளிருந்து மெல்லிய 'டிக்' சத்தம். இது நல்ல அறிகுறி. பியூஸ் போயிருந்தால் அல்லது மெயின் டிரான்சிஸ்டர் வெடித்திருந்தால் எந்தச் சத்தமும் வராது. டிக் வருகிறது என்றால் எஸ்எம்பிஎஸ் (பெட்டிக்குள் உள்ள பவர் சப்ளை) எழப் பார்த்து, முடியாமல் படுத்து, மறுபடி முயல்கிறது. காரணம் இரண்டில் ஒன்று. அவுட்புட் பக்கம் எங்கோ ஷார்ட்; இல்லையென்றால் அந்தச் சப்ளையை இயக்கும் கன்ட்ரோல் ஐசிக்குப் போதுமான சப்ளை கிடைக்கவில்லை.

கழற்றினால் மூடிக்கடியில் மெத்தை மாதிரி பஞ்சு. பின்பக்கம் இருந்த இரண்டு 40 மில்லிமீட்டர் ஃபேன்களில் ஒன்று கையால் சுற்றினாலும் நகரவில்லை. ப்ளோயர் வைத்து வெளியே ஊதி எடுத்தோம். ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். காற்றின் வேகத்தில் கன்னாபின்னாவென்று சுற்றினால் மிச்சமிருக்கும் பேரிங்கும் போய்விடும்.

பவர் சப்ளையில் கை வைப்பதற்கு முன் ஒரு விஷயம். நம் 230 வோல்ட் ஏசி, டையோடு பிரிட்ஜ் தாண்டியதும் பெரிய கெபாசிட்டரில் ஏறக்குறைய 325 வோல்ட் டிசியாக நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும், அதுவும் இப்படிச் சரியாக ஓடாத சப்ளையில், அது சீக்கிரம் இறங்காது. ஸ்குரூடிரைவரால் ஷார்ட் செய்து 'டப்' என்று இறக்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. எனக்குப் பிடிக்காத பழக்கம். 2.2 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றில் இன்சுலேஷன் போட்ட வயர் பிடித்து வைத்திருக்கிறேன். சில விநாடிகள் அதை வைத்துப் பிடித்து, மீட்டரில் பார்த்து, பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்த பிறகுதான் விரல்.

முதலில் சப்ளையை மெயின் போர்டிலிருந்து பிரித்தேன். பிரித்த பிறகும் அதே டிக். அப்படியென்றால் மெயின் போர்டில் ஷார்ட் இல்லை. பாதிக் கவலை விட்டது, ஏனென்றால் மெயின் போர்டு போயிருந்தால் இந்த வேலையே வேண்டாம், பழைய பெட்டி ஒன்றை வாங்குவது மலிவு. சப்ளையின் 12 வோல்ட் அவுட்புட்டில் டையோடு ஷார்ட் இருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. மீட்டரை அங்கேயே வைத்து ஆன் செய்தால் இரண்டு மூன்று வோல்ட் வரை ஏறி ஏறி விழுந்தது.

இப்போது கன்ட்ரோல் ஐசி. இதில் இருந்தது 3842 வகை. இந்த ஐசி தன் சப்ளை பின்னில் சுமார் 16 வோல்ட் வந்தால் எழும், 10 வோல்ட்டுக்குக் கீழே போனால் படுத்துவிடும். ஆன் செய்ததும் அதற்கு அந்த 16 வோல்ட்டைச் சேர்த்துத் தருவது, பக்கத்தில் இருக்கும் ஒரு சின்ன கெபாசிட்டர். 325 வோல்ட்டிலிருந்து பெரிய ரெசிஸ்டர் வழியாக அது மெதுவாக நிரம்பும். நிரம்பியதும் ஐசி எழுந்து, தன் தேவைக்கு அந்தச் சேமிப்பிலிருந்தே எடுக்கும். டிரான்ஸ்ஃபார்மரில் உள்ள துணைச் சுற்று சப்ளை கொடுக்க ஆரம்பிக்கும் வரை சில மில்லி விநாடிகள் அந்தச் சேமிப்பு தாக்குப்பிடிக்க வேண்டும். கெபாசிட்டர் காய்ந்துபோயிருந்தால் தாக்குப்பிடிக்காது. எழும், விழும், டிக். ஆனால் ஒரு தடவை எழுந்துவிட்டால் துணைச் சுற்று விடாமல் ஊட்டிக்கொண்டே இருப்பதால், கெபாசிட்டர் எவ்வளவு காய்ந்தாலும் பெட்டி ஓடும். வருடக்கணக்கில் ஓடும், ஒருவர் அணைக்கும் வரை.

அந்தக் கெபாசிட்டர் 47 மைக்ரோஃபாரட், 50 வோல்ட். சூட்டை வெளியேற்றும் உலோகத் துண்டான ஹீட் சிங்க்கை ஒட்டி நின்றது. டிசைன் செய்தவர் இடத்தை மட்டும் பார்த்திருக்கிறார், சூட்டைப் பார்க்கவில்லை. மேலே கொஞ்சம்கூட உப்பவில்லை. கெபாசிட்டர் என்றாலே உப்பியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு மூடுபவர்கள் தவறவிடும் இடம் இதுதான். இத்தனை சின்னதில் பெரும்பாலும் மேலே உப்பி விரிவதற்கான வெட்டுக்கோடே இருக்காது, உப்பாமலே காய்ந்துவிடும். கெபாசிட்டர் காய்ந்தால் ஏறும் உள் தடையான இஎஸ்ஆரை அளக்கும் மீட்டரை வைத்தேன். ஒரு ஓம் பக்கத்தில் காட்ட வேண்டியது, 20ஐத் தாண்டியது.

மீட்டர் இல்லாதவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. ஹேர் டிரையரால் அந்தக் கெபாசிட்டரை மட்டும் இரண்டு நிமிடம் சூடாக்கிவிட்டு ஆன் செய்து பார்க்கலாம். சூட்டில் இஎஸ்ஆர் குறையும். சப்ளை சட்டென்று எழுந்துகொண்டால் ஆள் அவன்தான். எலக்ட்ரீஷியனுக்குக் காட்ட இதையும் செய்தேன். டிக் நின்று 12 வோல்ட் நிலையாக நின்றதும் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

அதைக் கழற்றி 105 டிகிரி செல்சியஸ் ரகம் போட்டேன். சூட்டில் 10 டிகிரி கூடினால் எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டரின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது பொதுவான கணக்கு. அதனால் காலை நீளமாக விட்டு, ஹீட் சிங்க்கிலிருந்து சற்றுத் தள்ளிச் சாய்த்து நிறுத்தினேன். அவுட்புட் பக்கம் இருந்த 16 வோல்ட் கெபாசிட்டர்களில் ஒன்று லேசாக உப்பியிருந்தது. அந்த வரிசையையே மாற்றிவிட்டேன். சரக்கு சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலிருந்து கூரியரில் வரவழைத்தது. அங்கேயும் பழசைக் கழுவிப் புதுசு மாதிரி விற்பது உண்டு, வந்ததும் ஒவ்வொன்றையும் அளந்துவிட்டே போடுகிறேன். பழசை எடுத்த இடத்தில் கசிந்திருந்த திரவத்தை ஐபிஏ (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) ஊற்றிப் பிரஷ்ஷால் துடைக்காமல் விடக் கூடாது, அது போர்டில் உள்ள செப்பு டிராக்கை அரிக்கும்.

முதல் ஆன் எப்போதும் சீரிஸ் லேம்ப் (மின் வழியில் தொடராகக் கோத்த பல்ப்) வழியாக, லோடு இல்லாமல். பல்ப் ஒரு தடவை மின்னி மங்கியது, சரி. லோடு வைத்துப் பார்க்கும்போது சீரிஸ் லேம்ப்பை எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் அதுவே சப்ளையைத் திணறடித்து இல்லாத கோளாறைக் காட்டும். லோடுக்குக் கார் பல்ப் வேண்டாம். குளிர்ந்த ஃபிலமென்ட் முதல் கணத்தில் பல மடங்கு கரன்ட் இழுக்கும். 10 ஓம், 25 வாட் ரெசிஸ்டர் ஒன்று போதும். 12 வோல்ட்டில் அது சுமார் 1.2 ஆம்பியர், நேர்மையான லோடு.

ஃபேனுக்கு மூன்று வயர். மூன்றாவது வயர் சுற்றும் வேகத்தைப் போர்டுக்குச் சொல்வது. கடையில் கிடைக்கிற இரண்டு வயர் ஃபேனைப் போட்டால் காற்று வரும், கூடவே ஃபேன் போய்விட்டது என்று அலாரமும் நிற்காமல் வரும். அதே மூன்று வயர் ரகமே வாங்கினேன்.

சப்ளையைச் சேர்த்து மூடி ஆன் செய்தால் எல்இடி எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது. எலக்ட்ரீஷியன் கேபிளை எடுத்து மாட்டத் தயாராகிவிட்டார். கொஞ்சம் பொறுங்க என்றேன். சிஸ்டம் எல்இடி பச்சையில் மினுக்கிக்கொண்டே இருந்தது, நிலைக்கவில்லை. எந்தப் போர்ட்டிலும் லிங்க் வரவில்லை. இனிமேல் ஸ்குரூடிரைவருக்கு வேலையில்லை.

லேப்டாப்பிலிருந்து சுவிட்சோடு நேரடியாகப் பேச உதவும் கன்சோல் கேபிளை மாட்டி, விநாடிக்கு 9600 பிட் வேகத்தில் திறந்தேன். மெமரி டெஸ்ட் ஓடியது, மின்சாரம் போனாலும் அழியாத நினைவகமான ஃபிளாஷைப் படித்தது, சாஃப்ட்வேர் ஃபைலை லோட் செய்ய ஆரம்பித்து, பாதியில் செக்சம் (ஃபைல் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் எண்) தவறு என்று சொல்லி, மெயின் சாஃப்ட்வேரை ஏற்றிவிடும் சின்ன நிரலான பூட்லோடரின் பிராம்ப்ட்டில் நின்றுவிட்டது. ஃபைல் பட்டியலைக் கேட்டேன். பத்தரை எம்பி இருக்க வேண்டிய ஃபைல் ஆறு எம்பி சொச்சம்தான் இருந்தது. எப்போது நடந்தது என்று பார்க்கலாம் என்றால் தேதி 1993 என்று இருந்தது. யாரும் கடிகாரம் வைக்காத சுவிட்ச், இந்த மாடலில் எண்ணிக்கை அங்கிருந்துதான் தொடங்கும்.

"போன தீபாவளி சமயத்துல ஒருத்தரு லேப்டாப்பை வச்சுட்டு ரேக்குகிட்ட உக்காந்திருந்தாருங்ணா, ஏதோ அப்டேட்டுன்னாரு" என்று எலக்ட்ரீஷியனுக்கு ஞாபகம் வந்தது. நடந்தது இதுவாகத்தான் இருக்க வேண்டும். 16 எம்பி ஃபிளாஷில் இரண்டு சாஃப்ட்வேர் ஃபைல் கொள்ளாது. பழையதை அழித்துவிட்டுப் புதியதை ஏற்றும்போது பாதியில் அறுந்திருக்கிறது. ஆனால் சுவிட்ச் ஓடுவது, மின்சாரம் போனால் அழிந்துவிடும் ரேமில் இருந்து, ஃபிளாஷிலிருந்து அல்ல. பழைய சாஃப்ட்வேர் ரேமில் அப்படியே ஓடிக்கொண்டிருந்ததால் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. ஏற்றி முடித்ததும் ஃபைலின் அளவையும், கைரேகை மாதிரியான அதன் எம்டி5 எண்ணையும் ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு நிமிடம் ஆகியிருக்கும்.

நல்ல வேளையாக, ஆலையின் குடோன் பக்கம் அதே மாடல் இன்னொன்று ஓடிக்கொண்டிருந்தது. அதிலிருந்து டிஎஃப்டிபி (நெட்வொர்க்கில் ஃபைல் அனுப்பும் எளிய முறை) வழியாக ஃபைலை என் லேப்டாப்புக்கு எடுத்து, எம்டி5 சரிபார்த்துக்கொண்டேன். ஆனால் செத்த சுவிட்ச் பூட்லோடரில் நிற்கும்போது அதற்கு நெட்வொர்க் கிடையாது. கன்சோல் வயர் வழியாக ஃபைல் அனுப்பும் எக்ஸ்மோடம்தான். வார்ட் கிறிஸ்டென்சன் 1977இல் எழுதிய புரோட்டோகால் 2000க்குப் பிறகு செய்த பெட்டியை எழுப்புகிறது என்பதில் எனக்கு எப்போதும் ஒரு சின்ன சந்தோஷம்.

இதில் மாட்டிக்கொள்ளும் இடங்கள் இரண்டு. கன்சோலைத் திறக்கப் பலரும் பயன்படுத்தும் புட்டி (PuTTY) சாஃப்ட்வேரில் எக்ஸ்மோடம் கிடையாது. விண்டோஸில் டெரா டெர்ம், லினக்ஸில் மினிகாம் வேண்டும். இரண்டாவது, வேகம். 9600இல் விநாடிக்கு 960 பைட்டுக்கு மேல் போகாது, பத்தரை எம்பிக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். பூட்லோடரிலேயே வேகத்தை 115200 ஆக்கினேன். ஆக்கிய நொடியில் திரையில் கிறுக்கல் கிறுக்கலாக வரும், பயப்பட வேண்டாம், டெரா டெர்மிலும் அதே வேகத்தை வைத்ததும் எழுத்து தெளிந்துவிடும். கணக்குப்படி கால் மணி நேரத்தில் முடிய வேண்டும். ஆனால் எக்ஸ்மோடம் 128 பைட்டுக்கு ஒரு தடவை எதிர்ப்பக்கத்தின் பதிலுக்காக நிற்கும். கன்சோல் வயரை லேப்டாப்போடு இணைக்கும் யூஎஸ்பி கன்வெர்ட்டர் அந்தப் பதிலை உடனே தராமல் கொஞ்சம் சேர்த்து வைத்துத் தரும். கன்வெர்ட்டரில் இருப்பது எஃப்டிடிஐ சிப் என்றால் டிவைஸ் மேனேஜரில் அந்தத் தாமதம், லேட்டன்சி டைமர், 16 மில்லி விநாடி என்று இருக்கும், அதை 1 ஆக்கினால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

ஏறி முடிந்தது. பூட்லோடர் வேகத்தைத் திரும்ப 9600க்குக் கொண்டுவந்தேன். இதை மறந்து போனால் அடுத்து வருபவர் கன்சோலைத் திறந்து வெறும் கிறுக்கலைப் பார்த்துவிட்டு போர்டு போய்விட்டது என்று சொல்லிவிடுவார். பூட் கொடுத்தேன். இந்த முறை முழுசாக எழுந்து லாகின் கேட்டது.

மூன்றாவது கோளாறு கேபிளை மாட்டிய பிறகு வந்தது. அலுவலகக் கம்ப்யூட்டர்கள் வேலை செய்தன. கேமராக்கள் ஒன்றும் வரவில்லை. கன்ஃபிகரேஷனைப் பார்த்தால் கேமராக்களுக்கான விலான் (ஒரே சுவிட்சுக்குள் பிரித்து வைக்கும் தனி நெட்வொர்க்) அதில் இல்லவே இல்லை. ஃபிளாஷில் சேமித்திருந்தது பல வருடம் முந்தைய கன்ஃபிகரேஷன். அதற்குப் பிறகு கேமரா போட்டவர், மாற்றங்களை ஓடும் கன்ஃபிகரேஷனில் மட்டும் செய்துவிட்டு, சேமிக்காமல் போயிருக்கிறார். அவர் செய்ததெல்லாம் ரேமில் இருந்து, மின்சாரத்தோடு சேர்ந்து போய்விட்டது.

எழுதி வைத்த தாள் எதுவும் இல்லை. இருக்கிற இடங்களிலிருந்து பொறுக்கிச் சேர்க்க வேண்டியதாயிற்று. பல விலான்களைச் சேர்த்துச் சுமக்கும், குடோன் சுவிட்சின் டிரங்க் போர்ட்டில் எந்தெந்த விலான் அனுமதிக்கப்பட்டிருக்கிறது என்று பார்த்தால் பட்டியல் கிடைத்தது. ஃபயர்வாலில் ஒவ்வொரு விலானுக்கும் உள்ள ஐபி வரம்பு கிடைத்தது. எந்த போர்ட்டில் என்ன இருக்கிறது என்பதற்கு மேக் அட்டவணையை (ஒவ்வொரு கருவியின் வன்பொருள் முகவரிப் பட்டியல்) எடுத்து, முகவரியின் முதல் ஆறு எழுத்தில் தயாரிப்பாளரைப் பார்த்து, கேமராக்களைத் தனியே பிரித்தேன். பொழுது சாய்வதற்குள் திரை முழுக்க கேமரா வந்துவிட்டது.

சரி, முடிந்தது என்று நினைக்கும்போது, ரிங் ஃபிரேம் (நூல் நூற்கும் எந்திரம்) ரிப்போர்ட் எடுப்பவர் வந்தார். ரிப்போர்ட் வருகிறது, ஆனால் ஒரு பக்கம் திறக்க டீ குடித்துவிட்டு வரலாம் என்றார். அந்த ரிப்போர்ட் சர்வருக்குப் பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனை) போட்டால் ஒரு மில்லி விநாடிக்குள் பதில், ஒன்றுகூடத் தவறவில்லை. பெரிய ஃபைலை இழுத்தால் ஊர்ந்தது. பிங் நன்றாக, ஃபைல் மோசமாக என்றால் நான் முதலில் பார்ப்பது டூப்ளெக்ஸ், அதாவது இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் அனுப்பலாமா (ஃபுல்), மாறி மாறித்தான் அனுப்ப வேண்டுமா (ஹாஃப்) என்பது. சுவிட்ச் போர்ட்டைப் பார்த்தால் வேகம் 100 எம்பிபிஎஸ், ஹாஃப் என்று இருந்தது. எரர் கவுன்ட்டரை அழித்துவிட்டு (பழைய எண்களைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது, அவை எப்போது சேர்ந்தவை என்று யாருக்குத் தெரியும்) ஃபைலை இன்னொரு தடவை இழுத்தேன். லேட் கொலிஷன் (தாமதமாக நடக்கும் மோதல்) எண்ணிக்கை கண் முன்னால் ஏறியது. சர்வரில் நெட்ஸ்டாட் கட்டளை போட்டுப் பார்த்தால் அங்கே எரர் எண்ணிக்கை ஏறியது.

சர்வரின் நெட்வொர்க் கார்டில், அதை நிறுவியவர் '100 ஃபுல்' என்று நிரந்தரமாக வைத்திருக்கிறார். அப்படி வைத்தால் கார்டு, வேகத்தையும் டூப்ளெக்ஸையும் எதிர்ப்பக்கத்தோடு பேசி முடிவு செய்யும் ஆட்டோ பேச்சு வார்த்தையை நிறுத்திவிடும். எதிரில் சுவிட்ச் ஆட்டோவில் இருந்தால், வரும் சிக்னலை வைத்து 100 என்று வேகத்தைக் கண்டுபிடிக்கும். டூப்ளெக்ஸைக் கண்டுபிடிக்க வழியில்லாததால் விதிப்படி ஹாஃப் என்று வைத்துக்கொள்ளும். சர்வர் நினைத்த நேரத்தில் அனுப்பும். சுவிட்ச் அதை மோதல் என்று எடுத்துக்கொண்டு நிறுத்தும். பிங்கில் ஒரு பாக்கெட் போய் ஒன்று திரும்புகிறது, ஒரே நேரத்தில் இரண்டும் அனுப்புவதே அபூர்வம், அதனால் அது தப்பிக்கிறது. பழைய கன்ஃபிகரேஷனில் இந்த போர்ட்டையும் யாரோ 100 ஃபுல் என்று வைத்திருந்திருக்க வேண்டும். அதுவும் சேமிக்காத கூட்டத்தோடு போனது.

இரண்டு பக்கமும் ஆட்டோவில் வைப்பதே என் கட்சி. ஜிகாபிட் காப்பர் கேபிளுக்கு ஆட்டோ கட்டாயம் வேறு. ஆனால் அந்த சர்வரின் செட்டிங்கைத் தொட்டால் சாஃப்ட்வேர் கொடுத்தவர் பொறுப்பேற்க மாட்டார் என்றார்கள். சண்டை வேண்டாம். சுவிட்ச் போர்ட்டையும் 100 ஃபுல் ஆக்கி, போர்ட் விளக்கத்தில் காரணத்தையும் எழுதினேன். கவுன்ட்டர் நின்றது, ரிப்போர்ட் பறந்தது.

கிளம்பும் முன் கன்ஃபிகரேஷனைச் சேமித்து, ஒரு பிரதியை அலுவலகக் கம்ப்யூட்டரிலும் வைத்தேன். அப்புறம் எலக்ட்ரீஷியனையே பிளக்கைப் பிடுங்கச் சொன்னேன். அவருக்கு மனசே வரவில்லை. பெட்டி ஆறட்டும் என்று காத்திருந்து திரும்பப் போட்டோம். சப்ளை எழுந்தது, சாஃப்ட்வேர் ஏறியது, கேமரா வந்தது.

குடோன் சுவிட்சை விட்டுவைக்க முடியாது, அதுவும் அதே வயசு. வார விடுமுறையில் போய், அணைப்பதற்கு முன்பே கன்சோலில் பார்த்தேன். ஃபிளாஷில் உள்ள ஃபைல் முழுசாக இருந்தது. ஓடும் கன்ஃபிகரேஷனுக்கும் சேமித்ததற்கும் இரண்டு போர்ட்டில் வித்தியாசம், சேமித்தேன். அணைத்துத் திறந்து அதே 47 மைக்ரோஃபாரட்டை அளந்தால் 4 ஓம். இன்னும் கொஞ்ச நாள் தாங்கியிருக்கும், அதையும் மாற்றியாயிற்று. ரேக் யூபிஎஸ்ஸுக்குப் புது பேட்டரி ஆர்டர் போட்டிருக்கிறார்கள்.